உங்களுக்குத் தெரியுமா? 13 தேர்தல், 13 வெற்றி!

நம் தொகுதிக்கு என்ன தேவை என்று சட்டமன்றத்தில் எழுந்து கேட்பவர்தான் எம்.எல்.ஏ. தமிழ்நாட்டில் மொத்தம் 234 பேர். 25 வயது நிரம்பினால்தான் போட்டியிடலாம். ஐந்து ஆண்டு முடிந்ததும் மறுபடியும் மக்களிடம் போய் ஓட்டுக் கேட்க வேண்டியதுதான்!

முன்னாள் முதலமைச்சர் மு. கருணாநிதி அப்படி 13 முறை ஓட்டுக் கேட்டார், ஒருமுறைகூடத் தோற்கவில்லை. 1957-இல் குளித்தலையில் முதல் வெற்றி. சட்டமன்றத்தில் அவருடைய முதல் பேச்சே அந்தப் பகுதியின் நங்கவரம் உழவர்களின் பிரச்சினை பற்றித்தான். பிறகு தஞ்சாவூர், சைதாப்பேட்டை, அண்ணா நகர் என்று தொகுதிகள் மாறின. 1984-இல் மட்டும் நிற்கவில்லை. அப்போது அவர் சட்ட மேலவை உறுப்பினர். (அந்த மேலவை 1986-இல் கலைக்கப்பட்டது.)

எல்லாமே சுலபமான வெற்றி என்று நினைத்துவிடாதீர்கள். 1991-இல் துறைமுகம் தொகுதியில் வெறும் 890 ஓட்டு வித்தியாசம்! அவர் கட்சியோ மாநிலம் முழுக்கப் படுதோல்வி. ஜெயித்த கையோடு பதவியை ராஜினாமா செய்துவிட்டார்.

கடைசியாக 2016-இல் திருவாரூரில் வென்றபோது வயது 91. 2018-இல் மறைந்தபோதும் அவர் அந்தத் தொகுதியின் எம்.எல்.ஏ.தான்.