சாவியைத் திருப்பினால் சுற்றிவிடுவது யார்?

கெட்டிக்காரத் தம்பி தங்கைகளே! தாத்தாவின் பழைய புரோட்டோன் சாகாவில் சாவியைத் திருப்புகிறோம். எஞ்சினை முதலில் சுற்றிவிடுவது எது? இந்தக் கேள்வி உங்களுக்குத் தோன்றினாலே நீங்கள் பாதி போர்மன்!

சாகா 1985 ஜூலையில் அறிமுகமான காடி. ஷா ஆலாமில் உருவானாலும், அந்தக் கால சாகாவின் எஞ்சின் ஜப்பானின் மிட்சுபிஷியுடையது. எந்த எஞ்சினும் தானாக ஓடத் தொடங்காது. முன்பெல்லாம் இரும்புக் கம்பியைச் செருகிக் கையால் சுற்றினார்கள். அது திருப்பி அடித்தால் கை உடையும். 1912-இல் அமெரிக்காவின் கேடிலாக் காடிகளில் மின்சார ஸ்டார்ட்டர் வந்தது. அதை உருவாக்கியவர் சார்ல்ஸ் கெட்டரிங்.

ஸ்டார்ட்டர் மோட்டாரின் நுனியில் ஒரு சின்னப் பல்சக்கரம் உண்டு. அதுதான் பினியன். எஞ்சினோடு சேர்ந்து சுற்றும் பெரிய பல்வளையம், ரிங் கியர். சாவியைத் திருப்பியதும் பினியன் முன்னே பாய்ந்து வளையத்தைக் கவ்வும். எஞ்சின் ஓடியதும் விலகிவிடும்.

ஒரு கணக்கு. பினியனில் 9 பல், வளையத்தில் 108 பல் என்று வைத்துக்கொள்வோம். எஞ்சின் ஒரு சுற்று சுற்ற, பினியன் எத்தனை சுற்று சுற்ற வேண்டும்? ஆம், 12! சின்ன மோட்டார் கனமான எஞ்சினை அசைக்கும் ரகசியம் இதுதான்.

சரி, அந்த மோட்டார் பழுதாகிவிட்டது. வேறொன்றை மாட்டினால் போதுமா? வீட்டில் அம்மாவின் நெருக்கமான பல் சீப்பையும் அண்ணனின் அகலப் பல் சீப்பையும் கோத்துப் பாருங்கள். பொருந்தாது, இல்லையா? பல் பொருந்தாத பினியன் 'கர்ர்' என்று கத்தி, வளையத்தையே தேய்த்துவிடும். மோட்டாரைவிட வளையத்தை மாற்றத்தான் அதிக வேலை. கியர்பாக்ஸையே இறக்க வேண்டும்!

கிள்ளானில் பழைய உதிரிபாகக் கடையில் "சாகா மோட்டார்" என்று மட்டும் கேட்டால் போதாது. பழைய காடிகளில் எஞ்சினையே மாற்றியிருப்பார்கள். எஞ்சின் எண் வேண்டும். கியர்பாக்ஸ் ஆட்டோவா, மேனுவலா என்றும் சொல்ல வேண்டும். பல் எண்ணிக்கை, போல்ட் ஓட்டைகள், சுற்றும் திசை, பினியன் எட்டும் தூரம் எல்லாம் ஒத்துப்போக வேண்டும்.

புது மோட்டார் உருவில் சிறியதா? பரவாயில்லை. உள்ளேயே கியர் வைத்த மோட்டார்கள் சிறியவை, ஆனால் பலசாலிகள்.

அப்பா கடைக்குப் புறப்பட்டால், பழைய மோட்டாரையும் கையோடு எடுத்துப் போகச் சொல்லுங்கள். அதைக் கழற்றும் முன் பேட்டரி வயரைக் கழற்றவும் நினைவூட்டுங்கள், செல்லங்களே!