புதிய காருக்கு வண்ணக் காப்புப் பூச்சு அவசியமா? பணம் செலுத்தும் முன் அறிய வேண்டியவை

புதுதில்லி: புதிய காரின் சாவியைப் பெறச் செல்லும் நாளில், விலைப்பட்டியலின் அடிப்பகுதியில் பலரும் எதிர்பாராத ஒரு வரி இடம்பெற்றிருக்கும். 'டெஃப்லான்', 'செராமிக்', 'பிபிஎஃப்' எனப் பெயர்கள் மாறலாம். சொல்லப்படும் காரணம் ஒன்றுதான்: வண்ணம் மங்காமல் இருக்க வேண்டுமானால் இதை இப்போதே செய்துகொள்ள வேண்டும். சில ஆயிரம் ரூபாயில் தொடங்கி ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டும் இந்தச் செலவு உண்மையிலேயே அவசியமா?

இதற்கு அனைவருக்கும் பொருந்தும் ஒரே விடை இல்லை. கார் எந்தச் சாலையில் ஓடுகிறது, பகலிலும் இரவிலும் எங்கே நிற்கிறது, அதை யார், எப்படித் துடைக்கிறார்கள், எத்தனை ஆண்டுகள் வைத்திருக்கப் போகிறோம் ஆகிய நான்கு கேள்விகளே விடையைத் தீர்மானிக்கின்றன. ஆனால், அந்த முடிவை ஷோரூம் மேசையில் அமர்ந்து அவசரமாக எடுக்கத் தேவையில்லை என்பது அனைவருக்கும் பொருந்தும்.

தொழிற்சாலையிலேயே கிடைக்கும் காப்பு

இன்றைய கார்களின் வண்ணம் ஒரே பூச்சால் ஆனது அல்ல. உலோகத்தின் மீது முதலில் பாஸ்பேட் வேதிப்பூச்சும், பின்னர் துருவைத் தடுக்கும் மின்படிவுப் பூச்சும் இடப்படுகின்றன. அவற்றின் மேல் பிரைமர், நிறம் தரும் பூச்சு, இறுதியாக 'கிளியர் கோட்' எனப்படும் நிறமற்ற பளபளப்பான பூச்சு ஆகியவை வருகின்றன. இவை அனைத்தும் சேர்ந்தாலும் தடிமன் பொதுவாக 100 முதல் 150 மைக்ரான் வரைதான் இருக்கும். அதில் கிளியர் கோட்டின் பங்கு ஏறத்தாழ 35 முதல் 50 மைக்ரான். மனிதத் தலைமுடி ஒன்றின் தடிமனைவிட இது குறைவு.

சூரியனின் புற ஊதாக் கதிர்களையும் மழையையும் தாங்குவது இந்த மெல்லிய அடுக்கின் பணி. தொழிற்சாலையில் இது சுமார் 140 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் சுடப்பட்டு இறுகிவிடுகிறது. எனவே, காப்பு எதுவும் இல்லாத நிலையில் புதிய கார் ஷோரூமிலிருந்து வெளியே வருகிறது என்று கருதுவது தவறு. கூடுதல் பூச்சு என்பது ஏற்கெனவே உள்ள காப்பின் மீது சேர்க்கப்படும் இன்னொரு காப்பு மட்டுமே.

மூன்றும் ஒன்றல்ல

'பெயிண்ட் புரொடெக்‌ஷன்' என்ற ஒரே பெயரில் விற்கப்பட்டாலும், சந்தையில் உள்ள மூன்று வகைகளும் வெவ்வேறு வேலைகளைச் செய்பவை.

முதலாவது, டெஃப்லான் பூச்சு. மூன்றிலும் மலிவானது இது. சில ஆயிரம் ரூபாயில் முடிந்துவிடும். சமையல் பாத்திரங்களில் டெஃப்லான் உறுதியாக ஒட்டிக்கொள்வதற்குக் காரணம், அது 300 டிகிரியைத் தாண்டிய வெப்பத்தில் இறுக்கப்படுவதே. வண்ணம் பூசிய காரை அந்த வெப்பத்திற்கு உட்படுத்த முடியாது. ஆகவே காரில் தேய்க்கப்படும் இப்பூச்சு, நடைமுறையில் தரமான மெழுகுப் பாலிஷைப் போன்றே செயல்படுகிறது. சில மாதங்கள் பளபளப்புத் தரும். பின்னர் படிப்படியாகக் கரைந்துவிடும்.

இரண்டாவது, செராமிக் பூச்சு. சிலிக்காவை அடிப்படையாகக் கொண்ட இத்திரவம் கிளியர் கோட்டுடன் பிணைந்து, ஓரிரு மைக்ரான் தடிமனில் இறுகுகிறது. முறையாகப் பராமரித்தால் இரண்டு, மூன்று ஆண்டுகள் நிலைக்கக்கூடியது. கார் நிறுவனம், அளவு, தரம் ஆகியவற்றைப் பொறுத்து ரூ.15,000 முதல் ரூ.40,000 வரை கேட்கப்படுகிறது. இதன் உண்மையான பயன், நீரும் சேறும் எளிதில் ஒட்டாமல் வழிந்துவிடுவதும், கழுவும் வேலை எளிதாவதும்தான்.

விளம்பரங்களில் காணப்படும் '9எச் கடினம்' என்ற சொல் பலரையும் குழப்புகிறது. பூச்சுகளின் மீது வெவ்வேறு கடினத்தன்மை கொண்ட பென்சில்களால் கீறிப் பார்க்கும் சோதனையின் அளவுகோல் அது. வைரத்திற்குப் பத்து மதிப்பெண் தரும் கனிமக் கடின அளவுகோலுக்கும் அதற்கும் தொடர்பில்லை. சாலை மணலில் உள்ள குவார்ட்ஸ் துகள், எந்தப் பென்சில் முனையையும்விட மிகக் கடினமானது. எனவே செராமிக் பூசிய காரில் கீறல் விழாது என்று நம்புவதற்கு இடமில்லை. கல் தெறிப்பையும் அது தடுக்காது.

மூன்றாவது, பிபிஎஃப் எனப்படும் ஒளிபுகும் பாதுகாப்புப் படலம். பாலியூரித்தேனால் ஆன இதன் தடிமன் பொதுவாக 150 முதல் 200 மைக்ரான் வரை இருக்கும். அதாவது காரின் மொத்த வண்ண அடுக்குகளைவிடவும் தடிமனானது. மூன்றில் சரளைக்கல் தெறிப்பைத் தாங்கக்கூடியது இது ஒன்றுதான். நல்ல படலங்களில் விழும் மேலோட்டமான கீறல்கள் வெயில் அல்லது வெந்நீரின் சூட்டில் தாமாகவே மறைந்துவிடும். ஆழமான வெட்டுகள் மறையாது. கார் முழுவதும் ஒட்ட ரூ.60,000 முதல் ஒரு லட்சத்திற்கும் மேல் செலவாகும். பிவிசி வகை மலிவுப் படலங்கள் வெயிலில் மஞ்சளாகி, விளிம்புகளில் உரியத் தொடங்கும் என்பதால், படலத்தின் பொருள் டிபியு வகையா என்பதை எழுத்துப்பூர்வமாக உறுதிசெய்துகொள்வது நல்லது.

அன்றாடத் துணியே பெரும் பகை

இந்தியாவில் காரின் வண்ணத்திற்கு வரும் கேடு இடத்திற்கு இடம் மாறுபடுகிறது. ராஜஸ்தானிலும் தில்லியிலும் புழுதியும் கடும் வெயிலும். மும்பை, சென்னை போன்ற கடலோர நகரங்களில் உப்புக் காற்று. பெங்களூருவின் மரநிழல் தெருக்களில் பறவை எச்சமும் மரப்பிசினும். அமிலத்தன்மை கொண்ட பறவை எச்சம் வெயிலில் காய்ந்தால், குறுகிய நேரத்திலேயே கிளியர் கோட்டில் தழும்பை ஏற்படுத்திவிடும். எந்தப் பூச்சு இருந்தாலும் அதை விரைவில் அகற்றுவதே தீர்வு.

ஆனால் நாடெங்கும் பொதுவான கேடு ஒன்று உண்டு. அடுக்குமாடிக் குடியிருப்புகளில் தினமும் காலையில், புழுதி படிந்த காரை உலர்ந்த துணியால் துடைப்பதும், ஒரே வாளி நீரில் பல கார்களைக் கழுவுவதும் வழக்கமாக உள்ளன. துணியில் சிக்கிய மணல் துகள்கள் வண்ணத்தின் மீது உப்புத்தாளைப் போல உரசுகின்றன. வெயிலில் பார்க்கும்போது சிலந்தி வலை போலத் தெரியும் வட்ட வட்டமான நுண்கீறல்கள் பெரும்பாலும் இவ்வாறு உண்டானவையே. இந்தப் பழக்கம் மாறாத இடத்தில், முப்பதாயிரம் ரூபாய் செராமிக் பூச்சும் சில மாதங்களில் பொலிவை இழக்கும்.

கடின நீரும் கவனத்திற்குரியது. செராமிக் பூச்சின் மீது முத்து முத்தாகத் திரளும் ஆழ்துளைக் கிணற்று நீர் வெயிலில் உலர்ந்தால், அதிலுள்ள உப்புகள் வெண்ணிற வளையங்களாகப் படிந்துவிடும். கழுவியவுடன் ஈரத்தை ஒற்றி எடுப்பது இதனால்தான் அவசியமாகிறது.

யாருக்குப் பயன்?

நாள்தோறும் நெடுஞ்சாலையில் லாரிகளின் பின்னால் பயணிப்பவர்களுக்கு, காரின் முன்பகுதியில் மட்டும் பிபிஎஃப் ஒட்டுவது பொருத்தமான தேர்வாகும். பம்பர், பானட்டின் முன்விளிம்பு, பக்கக் கண்ணாடிகளின் பின்புறம், கதவுக் கைப்பிடியின் உட்குழிவு ஆகியவையே அதிகம் அடிபடும் இடங்கள். முழு காருக்கும் ஆகும் செலவில் ஒரு பகுதியிலேயே இது முடிந்துவிடும்.

கூரையின்றித் தெருவில் காரை நிறுத்துபவர்கள், கறுப்பு போன்ற அடர்நிறக் கார் வாங்கியவர்கள், ஏழெட்டு ஆண்டுகள் வைத்திருக்க விரும்புபவர்கள், முறையாகக் கழுவ நேரம் ஒதுக்கக்கூடியவர்கள் ஆகியோருக்கு செராமிக் பூச்சு ஓரளவு பயன் தரும்.

மூடிய நிறுத்துமிடம், நகருக்குள் குறைந்த பயணம், வெள்ளை அல்லது வெள்ளி நிறக் கார், மூன்று நான்கு ஆண்டுகளில் விற்கும் எண்ணம் ஆகியவை இருப்பின் கூடுதல் பூச்சு இன்றியே சமாளிக்கலாம். விபத்தில் சிதைந்த ஒரு பாகத்திற்கு மறுவண்ணம் பூச பெரும்பாலும் சில ஆயிரம் ரூபாயே ஆகும் என்பதை முழுப் படலத்தின் விலையோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

கடனும் காப்பீடும்

இத்தொகையைக் கார் கடனில் சேர்த்துவிடலாம் என்று விற்பனையகங்கள் கூறுவதுண்டு. ரூ.30,000 பூச்சை 9 சதவீத வட்டியில் ஐந்தாண்டுக் கடனில் சேர்த்தால், மாதத் தவணையில் சுமார் ரூ.623 கூடும், மொத்தம் செலுத்துவது ஏறத்தாழ ரூ.37,400. பூச்சு மறைந்த பிறகும் தவணை தொடரும்.

முழுக் காப்பீடு இருந்தால் போதுமே என்ற வாதமும் முழுமையானதல்ல. நாளடைவில் ஏற்படும் தேய்மானத்தைக் காப்பீடு ஏற்பதில்லை. விபத்துக் கீறலுக்கு இழப்பீடு கோரினாலும், 1,500 சிசி வரையிலான கார்களுக்கு ரூ.1,000, அதற்கு மேற்பட்டவற்றுக்கு ரூ.2,000 எனக் கட்டாயத் தொகையை உரிமையாளரே ஏற்க வேண்டும். அத்துடன், 20 முதல் 50 சதவீதம் வரை கிடைக்கக்கூடிய 'நோ கிளெய்ம் போனஸ்' சலுகையும் பறிபோகலாம். பூச்சு அல்லது படலத்தின் மதிப்பு காப்பீட்டில் அடங்குமா என்பதையும் முன்கூட்டியே கேட்டறிய வேண்டும்.

கட்டாயப்படுத்த முடியாது

பூச்சைச் செய்துகொண்டால்தான் கார் கிடைக்கும், அல்லது விரைவில் கிடைக்கும் என்று கூறப்பட்டால் வாடிக்கையாளர் பணிந்துபோகத் தேவையில்லை. ஒரு பொருளை வாங்க வேறொரு பொருளையோ சேவையையோ வாங்கியாக வேண்டும் என நிபந்தனை விதிப்பதை, 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் கட்டுப்பாட்டு வணிக நடைமுறை என்று வரையறுக்கிறது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் இதுகுறித்துப் புகார் அளிக்கலாம்.

செய்துகொள்ள முடிவெடுத்தவர்கள், ஷோரூம் விலையை வெளியே உள்ள பணிமனைகள் இரண்டு மூன்றின் விலையோடு ஒப்பிட வேண்டும். கூறப்பட்ட தொகையில் ஜிஎஸ்டி அடங்கியுள்ளதா, உத்தரவாதத்தைத் தருவது தயாரிப்பு நிறுவனமா அல்லது கடையா, அதைத் தக்கவைக்க ஆண்டுதோறும் கட்டணச் சேவை தேவையா ஆகிய மூன்றையும் ரசீதிலேயே குறிக்கச் சொல்ல வேண்டும். நிறத்தை மாற்றும் வண்ணப் படலத்தைத் தேர்ந்தெடுப்பவர்கள், பதிவுச் சான்றிதழில் காரின் நிறமும் இடம்பெற்றிருப்பதை மனத்தில் கொண்டு, வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தை முன்னதாக அணுக வேண்டும்.

காரை எடுத்துச் சென்று சில வாரங்கள் ஓட்டிய பிறகும் இந்தப் பூச்சுகளில் எதையும் செய்துகொள்ளலாம். இடைப்பட்ட காலத்தில் விழும் சிறு கீறல்களை நீக்கச் சற்றுக் கூடுதலாக மெருகேற்ற நேரலாம், அவ்வளவே. அதுவரை இரண்டு வாளிகள், காருக்கான ஷாம்பு, சுத்தமான மைக்ரோஃபைபர் துணிகள் ஆகியவற்றை வாங்கி வைத்து, உலர்ந்த துணியால் துடைப்பதை நிறுத்தச் சொன்னால் போதும். சில நூறு ரூபாயில் முடியும் இந்தக் காப்பு, விலை உயர்ந்த எந்தப் பூச்சைத் தேர்ந்தெடுத்தாலும் தேவைப்படும்.