நகர வெம்மை

கோடையில் தார்ச்சாலையில் வெறுங்காலை வைத்தவர், நிலத்தின் வெப்பம் வேறு, காற்றின் வெப்பம் வேறு என்பதை எளிதில் உணர்வர். வானிலை நிலையத்தார் அறிவிப்பது காற்றின் வெப்பமே. தரைக்கு மேல் ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் உயரத்தில், காற்றோட்டமுள்ள வெண்ணிறப் பெட்டியினுள் வெப்பமானியை வைத்து அதனை அளப்பர். நிலத்தின் வெப்பத்தையோ செயற்கைக்கோள்கள் விண்ணிலிருந்தே அளந்தறிகின்றன.

பகலில் நகரத்துக் கூரைகளும் சாலைகளும் பெரிதும் காய்கின்றன. நாட்டுப்புறத்திலோ பயிரும் ஈரமண்ணும் வெளிவிடும் நீராவி வெப்பத்தைக் கவர்ந்து செல்கின்றது. ஆகவே நிலவெப்ப வேறுபாடு பகலிலே மிகுதி. காற்றின் வேறுபாடு, வானம் தெளிந்து காற்று அடங்கிய இரவில்தான் மிகும். கல்லும் செங்கல்லும் பகலில் உண்ட வெப்பத்தை மெல்ல மெல்ல உமிழ, நெருங்கி நிற்கும் சுவர்கள் அது வானுக்குச் செல்லவொட்டாமல் தடுக்கின்றன.

இதனை அளந்து காட்டியவருள் முன்னோடி இலண்டன் லூக் ஹோவர்டு. முகில்களுக்குப் பெயர் சூட்டியவரும் அவரே. வெப்பமானியையே துணையாகக் கொண்டு, நகரத்து இரவு நாட்டுப்புறத்து இரவினும் 3.7 பாரன்ஹீட்டுப் பாகை வெம்மை மிக்கது என்றும், பகலில் நகரமே சிறிது குளிர்ந்தது என்றும் அவர் கண்டார். எத்துணைப் பொறுமை!

பகலெல்லாம் வருந்திய உடல் ஆறுதல் பெறுவது இரவின் தண்மையால் அன்றோ? 2003ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் பாரிசு நகரம் கடுவெப்பத்தில் வாடியபோது, இரவிலும் குளிராத மேன்மாடத்து அறைகளில் முதியோர் பலர் உயிர் துறந்தனர்.