புராஸ்டேட்: ஒரு சுரப்பி, இரு நோய்கள்

2024 ஜனவரியில் பிரிட்டன் அரண்மனையிலிருந்து ஓர் அறிவிப்பு வந்தது. 75 வயது மன்னர் சார்ல்ஸுக்குப் புராஸ்டேட் சுரப்பி வீங்கியிருக்கிறது, அது புற்றுநோய் அல்ல, சிகிச்சைக்காக மருத்துவமனைக்குப் போகிறார் என்பது செய்தி. அரச குடும்பத்தார் உடல்நலம் பற்றி வாய் திறப்பதே அரிது. இதே தொல்லை உள்ள மற்ற ஆண்களும் மருத்துவரைப் பார்க்கட்டும் என்றுதான் மன்னர் வெளியே சொன்னார் என்று விளக்கமும் தரப்பட்டது. அன்றே பிரிட்டனின் பொதுச் சுகாதார இணையதளத்தில் புராஸ்டேட் வீக்கம் பற்றிய பக்கத்தைத் திறந்தவர்களின் எண்ணிக்கை பத்து மடங்குக்கு மேல் கூடியது.

பதினாறு மாதம் கழித்து, 2025 மே மாதம், அமெரிக்காவின் முன்னாள் அதிபர் ஜோ பைடனின் அலுவலகம் வேறொரு செய்தி வெளியிட்டது. அதே சுரப்பிதான். ஆனால் பைடனுக்கு வந்திருந்தது புற்றுநோய், அதுவும் எலும்புவரை பரவியது.

நம் வீடுகளில் இந்தப் பேச்சே எழுவதில்லை. இரவில் நாலைந்து முறை எழுந்து போகும் அப்பா, ‘வயசாயிடுச்சு’ என்று முடித்துக்கொள்வார். சர்க்கரை நோயும் இருந்துவிட்டால் பழி முழுக்கச் சர்க்கரை மேல் விழும். வெளியூர்க் கல்யாணத்துக்குப் பஸ்ஸில் வரமாட்டேன் என்று அவர் ஏன் அடம்பிடிக்கிறார் என்பது மனைவிக்குக்கூடத் தெரியாது. இந்தக் கூச்சத்துக்கு ஆண்கள் கொடுக்கும் விலை பெரிது. இந்தச் சுரப்பியைப் பற்றிய அடிப்படை விவரங்கள் தெரிந்தாலே பாதி பயமும் பாதி அலட்சியமும் விலகும்.

இளவயதில் புராஸ்டேட் ஒரு நெல்லிக்காய் அளவுதான். எடை சுமார் 20 கிராம். சிறுநீர்ப்பைக்குக் கீழே, மலக்குடலுக்கு முன்னால் இருக்கிறது. விந்துத் திரவத்தில் ஒரு பகுதியைச் சுரப்பது அதன் வேலை. அது இருக்கும் இடம்தான் வம்பு. சிறுநீர்ப்பையிலிருந்து வெளியேறும் குழாய் இந்தச் சுரப்பியைத் துளைத்துக்கொண்டுதான் கீழே இறங்குகிறது.

நாற்பது வயதுக்கு மேல், அந்தக் குழாயை ஒட்டிய உட்பகுதி மெல்ல வளரத் தொடங்குகிறது. அறுபது வயதில் ஏறத்தாழ பாதி ஆண்களுக்கு இந்த வளர்ச்சி இருக்கும். எண்பதைத் தாண்டியவர்களில் பெரும்பாலோருக்கு இருக்கும். குழாய் நெருக்கப்படுவதால் சிறுநீர் வரத் தாமதமாகும், தாரை மெலியும், விட்டு விட்டு வரும், போய்விட்டு வந்த பிறகும் இன்னும் மிச்சம் இருப்பதுபோலத் தோன்றும். தடையை எதிர்த்துத் தள்ளித் தள்ளிச் சிறுநீர்ப்பையின் சுவர் தடித்துப்போவதால் கொஞ்சம் நிரம்பினாலே அவசரம் வந்துவிடும். சுரப்பியின் அளவும் தொல்லையின் அளவும் ஒத்துப்போக வேண்டியதில்லை. நூறு கிராம் சுரப்பியோடு நிம்மதியாகத் தூங்குபவர் உண்டு, முப்பது கிராமிலேயே அவதிப்படுபவரும் உண்டு. அதனால்தான் மருத்துவர் ஸ்கேனை மட்டும் பார்க்காமல், ஏழு கேள்விகள் கொண்ட ஒரு தாளையும் நீட்டுகிறார். மதிப்பெண் 35 வரை போகும். 7 வரை லேசானது, 20-ஐத் தொட்டால் கடுமையானது. எட்டாவதாக ஒரு கேள்வி உண்டு: வாழ்நாள் முழுக்க இப்படியே இருந்தால் உங்களுக்கு எப்படி இருக்கும்? சிகிச்சையைத் தீர்மானிப்பதில் இந்தக் கேள்விக்குக் கிடைக்கும் பதிலுக்கும் பெரிய பங்கு உண்டு.

சிலருக்குத் திடீரென்று ஒருநாள் சொட்டுக்கூட வராமல் அடைத்துக்கொள்ளும். வயிறு உப்பி, வலியில் துடித்து, அவசரப் பிரிவில் ட்யூப் போட்ட பிறகே மூச்சு வரும். கடையில் கேட்டு வாங்கிப் போட்ட சளி மாத்திரை இதற்குக் காரணமாக இருப்பது உண்டு. மூக்கடைப்பைத் திறக்கும் மருந்துகள் சில, சிறுநீர்ப்பையின் வாயை இறுக்கிவிடும். புராஸ்டேட் தொல்லை உள்ளவர் மருந்துக் கடையில் அதைச் சொல்லிவிட்டு மாத்திரை கேட்பது நல்லது.

மாத்திரைகள் இரண்டு வகை. டாம்சுலோசின் போன்றவை சுரப்பியிலும் சிறுநீர்ப்பை வாயிலும் உள்ள தசையைத் தளர்த்தும், சில நாளிலேயே பலன் தெரியும். எழுந்து நிற்கும்போது தலைசுற்றலாம். கண்புரை அறுவைக்குப் போகிறவர் இந்த மாத்திரை எடுப்பதைக் கண் மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். அறுவையின்போது கண்ணின் கருவிழித் திரை தளர்ந்து தொல்லை கொடுக்கும்.

இரண்டாவது வகையின் கதை கரீபியனில் தொடங்குகிறது. டொமினிக்கன் குடியரசில் சலினாஸ் என்ற ஊர். அங்கே சில குழந்தைகள் பிறக்கும்போது பெண்ணாகத் தோன்றி, பருவ வயதில் ஆணாக மாறினார்கள். ஜூலியன் இம்பெராட்டோ-மெக்கின்லி என்ற அமெரிக்க மருத்துவர் அவர்களை ஆராய்ந்து 1974-இல் காரணத்தை வெளியிட்டார். டெஸ்டோஸ்டிரானை இன்னும் வீரியமான ஹார்மோனாக மாற்றும் ஒரு நொதி அவர்களிடம் குறைவாக இருந்தது. வளர்ந்த பிறகும் அவர்களின் புராஸ்டேட் சிறிதாகவே இருந்தது. அந்த நொதியை மருந்தால் தடுத்தால் வீங்கிய சுரப்பியும் சுருங்குமே என்ற எண்ணம் மெர்க் நிறுவனத்தில் எழுந்தது. பலனாக வந்த ஃபினாஸ்டிரைடுக்கு 1992-இல் அமெரிக்கா அனுமதி கொடுத்தது. பலன் தெரிய ஆறு மாதம்கூட ஆகும், ஆனால் சுரப்பி உண்மையிலேயே சுருங்குகிறது. ஓர் ஊரின் குழந்தைகளைப் பொறுமையாகக் கவனித்ததிலிருந்து பல கோடி முதியவர்களுக்கு மருந்து கிடைத்திருக்கிறது!

மாத்திரைக்கு மசியாத வீக்கத்துக்கு அறுவை உண்டு. வயிற்றில் கத்தி படாது. சிறுநீர்க் குழாய் வழியாகவே மெல்லிய கருவியை விட்டு, மின்சாரம் பாயும் கம்பி வளையத்தால் அடைக்கும் சதையைச் சீவி எடுப்பதே டி.யு.ஆர்.பி. இப்போது ஹோல்மியம் லேசரால் உட்பகுதியை அப்படியே உரித்தெடுக்கும் முறையும் பரவியிருக்கிறது. நியூசிலாந்தின் பீட்டர் கில்லிங் 1990-களில் வளர்த்தெடுத்த முறை இது. மிகப் பெரிய சுரப்பிகளுக்கும் செய்யலாம், ரத்த இழப்பும் குறைவு.

புற்றுநோய் வேறு கதை. வீக்கம் முற்றிப் புற்றுநோயாக மாறுவதில்லை. வீக்கம் உட்பகுதியில் வருகிறது, புற்றுநோய் பெரும்பாலும் மலக்குடலை ஒட்டிய வெளிப்பகுதியில் தொடங்குகிறது. குழாயிலிருந்து தள்ளி இருப்பதால் அது தொடக்கத்தில் சிறுநீரை மறிப்பதில்லை, வலிப்பதில்லை. முதுகெலும்புக்குப் பரவி இடுப்பு வலி வந்த பிறகு எலும்பு மருத்துவரிடம் போய், அங்கிருந்து திரும்பி வருகிறவர்களும் இருக்கிறார்கள். வெளிப்பகுதி மலக்குடலை ஒட்டியிருப்பதில் ஒரு வசதி உண்டு. கையுறை அணிந்த விரலால் மருத்துவர் அதைத் தொட்டுப் பார்க்க முடியும். ஒரு நிமிடம்கூட ஆகாத அந்தச் சோதனைக்குப் பலர் ஒத்துக்கொள்வதில்லை.

எல்லாரும் ஒத்துக்கொள்வது பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனை. மாஸ்டர் செக்கப் பட்டியலில் தானாகவே வந்துவிடுகிறது. பி.எஸ்.ஏ. என்பது புராஸ்டேட் சுரக்கும் ஒரு புரதம். விந்து உறைந்துவிடாமல் நீர்த்திருக்கச் செய்வது அதன் இயல்பான வேலை. அதில் சிறிதளவு ரத்தத்தில் கசியும். மில்லிலிட்டருக்கு 4 நானோகிராம் என்பது பழகிப்போன எல்லை. ஆனால் அந்தப் புரதம் சுரப்பிக்கு உரியதே தவிரப் புற்றுநோய்க்கு உரியதல்ல. வீக்கத்தில் ஏறும், கிருமித் தொற்றில் ஏறும், ட்யூப் போட்டாலும் ஏறும். 4-க்கும் 10-க்கும் இடையே உள்ளவர்களில் நான்கில் ஒருவருக்குத்தான் புற்றுநோய் இருக்கும். மறுபுறம், 2004-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், எண் 4-ஐத் தாண்டாத ஆண்களிடமும் திசு எடுத்துப் பார்த்தார்கள். அவர்களில் 15 சதவீதத்தினருக்குப் புற்றுநோய் இருந்தது. இன்னொன்றும் நினைவில் வேண்டும்: ஃபினாஸ்டிரைடு எடுப்பவருக்கு இந்த எண் ஏறத்தாழ பாதியாகக் குறைந்துவிடும். அவருக்கு 3 என்று வந்தால் மருத்துவர் அதை 6 என்றே படிக்க வேண்டும்.

அப்படியானால் இந்தச் சோதனையால் பயன் உண்டா? ஐரோப்பாவின் பெரிய ஆய்வு ஒன்று, 55 முதல் 69 வயது வரையுள்ள 1,60,000-க்கும் மேற்பட்ட ஆண்களை 23 ஆண்டுகள் தொடர்ந்தது. பரிசோதனைக்கு அழைக்கப்பட்டவர்களில் புராஸ்டேட் புற்றுநோயால் இறந்தவர்கள் 13 சதவீதம் குறைவு. 456 பேரை அழைத்தால் ஓர் உயிர் மிஞ்சுகிறது. பலன் உண்மையானது, பெரிதல்ல. ஆகவே மருத்துவரோடு பேசி, எண் கூடினால் அடுத்து என்ன என்று தெரிந்துகொண்டு இந்தச் சோதனையைச் செய்வதே முறை. செக்கப் பொட்டலத்தில் சேர்த்துத் தாளை மட்டும் கையில் கொடுத்து அனுப்புவது மனிதரைக் கலங்கடிக்கும் வேலை. தந்தைக்கோ உடன்பிறந்தவருக்கோ இந்த நோய் வந்திருந்தால் நாற்பதுகளிலேயே அந்தப் பேச்சைத் தொடங்கலாம்.

எண் கூடியதும் திசு எடுக்கும் பயாப்ஸிக்காக ஊசியை எடுத்த காலம் ஒன்று இருந்தது. இப்போது முதலில் எம்.ஆர்.ஐ. பிரிட்டனில் 576 ஆண்களிடம் நடந்து 2017-இல் வெளியான ஆய்வில், ஆபத்தான புற்றுநோய்களில் 93 சதவீதத்தை எம்.ஆர்.ஐ. காட்டிக்கொடுத்தது. வழக்கமான பயாப்ஸி கண்டுபிடித்தது 48 சதவீதம்தான். படத்தில் சந்தேகம் தெரிந்தால் அந்த இடத்தைக் குறிவைத்துத் திசு எடுக்கிறார்கள். மலக்குடல் வழியாக எடுப்பதைவிட, விதைப்பைக்கும் ஆசனவாய்க்கும் இடைப்பட்ட தோல் வழியாக எடுத்தால் கிருமித் தொற்று குறைவு.

நுண்ணோக்கியில் செல்கள் எவ்வளவு ஒழுங்கு குலைந்திருக்கின்றன என்பதற்கு மின்னியாபொலிஸின் டொனால்ட் க்ளீசன் 1966-இல் ஓர் அளவுகோல் வகுத்தார். இன்று அறிக்கையில் 6 முதல் 10 வரை வரும். 6 மிக மெதுவானது. பைடனுக்கு வந்தது 9.

6 என்று வந்தவரிடம் ‘இப்போதைக்கு அறுவை வேண்டாம், கண்காணிப்போம்’ என்று மருத்துவர் சொன்னால் குடும்பமே அதிர்ந்துபோகும். புற்றுநோயை வைத்துக்கொண்டு எப்படிச் சும்மா இருப்பது? பிரிட்டனில் 1,643 ஆண்களைக் கண்காணிப்பு, அறுவை, கதிர்வீச்சு என்று மூன்றாகப் பிரித்து நடத்திய ஆய்வு இதற்கு விடை தருகிறது. சுரப்பிக்குள்ளேயே அடங்கிய புற்றுநோய் அவர்களுடையது. 15 ஆண்டு கழித்து, மூன்று பிரிவுகளையும் சேர்த்து அந்தப் புற்றுநோயால் இறந்தவர்கள் 2.7 சதவீதம் மட்டுமே. பிரிவுகளுக்கிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. கண்காணிப்பில் இருந்தவர்களில் நோய் பரவியது ஏறத்தாழ இரு மடங்கு, 9.4 சதவீதம். அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் பிற்பாடு அறுவையோ கதிர்வீச்சோ செய்துகொண்டார்கள் என்பதையும் மறைக்கக் கூடாது. ஆனால் அவசரப்பட்டு அறுத்தால் சிறுநீர்க் கசிவும் ஆண்மைக் குறைவும் ஆண்டுக் கணக்கில் கூடவே வரலாம். குறித்த இடைவெளியில் பி.எஸ்.ஏ., எம்.ஆர்.ஐ., தேவைப்பட்டால் மறு பயாப்ஸி என்று போகும் கண்காணிப்பும் ஒரு சிகிச்சைதான்.

பரவிவிட்ட நோய்க்கும் வழி இருக்கிறது. சிகாகோவில் சார்ல்ஸ் ஹக்கின்ஸ் நாய்களிடம் தொடங்கிய ஆராய்ச்சியில், புராஸ்டேட் ஆண் ஹார்மோனை நம்பி வாழ்கிறது என்று கண்டார். 1941-இல், விதைகளை அகற்றியோ பெண் ஹார்மோன் கொடுத்தோ நோயாளிகளின் புற்றுநோயை அடக்கலாம் என்று காட்டினார். 1966-இல் நோபல் பரிசு கிடைத்தது. பிரான்ஸ் அதிபர் ஃபிரான்சுவா மித்தரானுக்கு 1981-இல், பதவியேற்ற சில மாதங்களிலேயே, எலும்புவரை பரவிய நோய் கண்டுபிடிக்கப்பட்டது. மருத்துவ அறிக்கைகளில் அதைப் பல ஆண்டுகள் மறைத்தார்; இரண்டு முறை பதவிக் காலத்தை முடித்து, 1996 வரை வாழ்ந்தார். இன்று மாதக் கணக்கில் வேலை செய்யும் ஊசி மருந்துகளும், அபிராட்டிரோன், என்சலூட்டமைடு போன்ற மாத்திரைகளும் ஹக்கின்ஸ் காட்டிய அதே பாதையில் வந்தவை.

அவற்றுக்கும் அடங்காத நோய்க்குக் கதிரியக்க மருந்து ஒன்று வந்திருக்கிறது. புராஸ்டேட் புற்றுநோய்ச் செல்களின் மேல் பி.எஸ்.எம்.ஏ. என்ற புரதம் மிகுதியாக இருக்கும். அதைத் தேடிப் போய் ஒட்டும் மூலக்கூறில் கதிரியக்கக் காலியத்தைக் கட்டி அனுப்பினால், உடலில் நோய் பரவிய இடங்கள் பெட் ஸ்கேனில் ஒளிர்கின்றன. காலியத்துக்குப் பதில் லுட்டீசியம்-177 கட்டினால், அதே இடங்களில் போய் மில்லிமீட்டர் கணக்கான தூரத்துக்குள் கதிரைப் பாய்ச்சிச் செல்களைக் கொல்கிறது. மற்ற மருந்துகள் கைவிட்ட நோயாளிகளிடம் நடந்து 2021-இல் வெளியான ஆய்வில், இது கிடைத்தவர்களின் சராசரி ஆயுள் 11.3 மாதத்திலிருந்து 15.3 மாதமாகக் கூடியது. நான்கு மாதம்தான். இந்த மருந்தை நோயின் இன்னும் முந்தைய கட்டத்திலேயே கொடுத்துப் பார்க்கும் ஆய்வுகள் இப்போது நடக்கின்றன.