இடைத்தங்கல்



2017ஆம் ஆண்டு யூலை மாதத்தில் ஒரு நாள், எங்கள் திருகோணமலைக் கடலில் இரண்டு இளம் யானைகள் இழுபட்டுத் தத்தளித்தன. கடற்படைச் சுழியோடிகள் கயிறு கட்டி, பக்குவமாக இழுத்துவந்து, ஃபவுல் முனைக் காட்டோரத்தில் அவற்றைக் கரைசேர்த்தார்கள். கடலிலிருந்து நேரே காட்டுக்கு! அந்தச் செய்தி கேட்டு மகிழ்ந்தவர்களில் நானும் ஒருவன்.

ஆனால் தாயை இழந்த கன்றை இப்படி உடனே விட்டுவிட முடியாது. தாய் துப்பாக்கிச் சூட்டுக்கு இரையாகிவிடும். அல்லது கன்று கட்டில்லாத தோட்டக் கிணற்றில் விழுந்து கூட்டத்தைப் பிரிந்துவிடும். அதற்குப் பால் தருவது யார்? வழி காட்டுவது யார்?

இத்தகைய கன்றுகளுக்காக வனசீவராசிகள் திணைக்களம் 1995இல் உடவளவையில் ஓர் இடைத்தங்கல் இல்லத்தை ஆரம்பித்தது. சில வருடங்களுக்கு முன் பேத்தியோடு அங்கே போயிருந்தேன். யானைக்கன்றுக்குக் கயமுனி, போதகம், துடியடி என்றெல்லாம் பழந்தமிழில் பெயர்கள் உண்டு. துடி போன்ற அடியுடையது துடியடி. அந்தப் பெயரின் பொருத்தத்தை அன்றுதான் கண்ணாரக் கண்டேன். பால் நேரம் வந்ததும் சின்னஞ்சிறு துடியடிகள் புழுதி கிளப்பிக்கொண்டு ஓடி வந்தன.

இரவு பகலாக மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை பால். பராமரிப்பாளர் புனலில் பாலை வார்க்க, குழாய் வழியே அது கன்றின் வாய்க்குள் இறங்குகிறது. குடித்து முடித்ததும் அடுத்த கன்றுக்கு இடம்விட வேண்டும். பிறகு இலை, குழை, புல், நீர் என்று வெளியிலே திரிகின்றன. பார்வையாளர்கள் தூரத்து மேடையில் நின்று பார்க்கலாம். கிட்டப் போகவோ தொடவோ முடியாது.

"ஏன் அம்மப்பா, ஒருத்தரும் அதைத் தடவிக் குடுக்கேல்லை?" என்று பேத்தி கேட்டாள்.

நியாயமான கேள்விதான். ஆனால் மனிதக் கையின் சுகம் பழகிய யானை, நாளை வயலோரத்துக்கும் பயமின்றி வரும். அங்கே துப்பாக்கியும் வாய்வெடியும் காத்திருக்கின்றன. ஆகவே அன்பைக் கைக்குள்ளேயே அடக்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது. காட்டிலென்றால் கன்று தாயின் வாய்க்குள் தும்பிக்கையை விட்டு, எதைத் தின்னலாம் என்று அறியும். இங்கே மூத்த கன்றுகளே இளையவற்றுக்குத் துணை. ஏறக்குறைய ஐந்து வயதானதும், ஒன்றோடொன்று பழகியவற்றைக் குழுவாகக் காட்டில் விடுகிறார்கள். 1998இல் முதற்குழு போனது. இதுவரை நூற்றுக்கும் மேற்பட்டவை போய்விட்டன. அவற்றுள் சில காட்டிலே கன்றும் ஈன்றிருக்கின்றன.

எங்கள் துறைமுகத்துக்குக் கிழக்கே, கடலுக்கு அப்பால் சுமாத்திரா. அங்கே வாழும் மனிதக் குரங்கை மலாய் மொழியில் ஒராங்குட்டான், அதாவது காட்டு மனிதன், என்பர். அதன் குட்டி ஏழெட்டு வருடங்கள் தாயைவிட்டுப் பிரியாது. தாயற்ற குட்டிகளுக்கு மரமேறவும், கனி தேடவும், இரவில் கிளைகளை வளைத்துப் படுக்கை அமைக்கவும் மனிதரே வாய்ப்பமைத்துக் கொடுக்க வேண்டும். அங்கே பொகோரொக்கில் 1973இலேயே இத்தகைய நிலையம் தொடங்கிவிட்டது. அதன் நோக்கமும் காடு திரும்புதலாகவே இருந்தது.

'இடைத்தங்கல்' என்ற சொல்லுக்கு எங்கள் மாவட்டத்தில் விளக்கம் வேண்டியதில்லை. 2006இல் இடம்பெயர்ந்த சம்பூர் மக்கள் இடைத்தங்கல் முகாம்களில் ஆண்டுக்கணக்காக இருந்தார்கள். அவர்களுள் ஒருவர் என் நண்பர். முகாமில் தம் கொட்டிலைச் சுற்றி அவர் ஒரு மரமேனும் நடவில்லை. ஏனென்று கேட்டேன். "நட்டா, மனம் இங்கயே வேர்விட்டிடும்" என்றார்.

2015க்குப் பிறகு சம்பூர்க் காணிகள் திரும்பக் கிடைத்தன. ஊருக்குப் போன கிழமையே நண்பர் தென்னம்பிள்ளை நட்டார். உடவளவையில் பேத்தி கேட்டபோது நான் அவரைத்தான் நினைத்தேன்.