காலுறையில் பிறந்த பனிக்கரடி

கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து, லாப்ரடார் கரையோரங்களில் மீனவக் குடும்பத்துப் பெண்கள் குளிர்காலத்தில் கொக்கி விரிப்பு செய்வார்கள். சாக்குத் துணியைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி, பழந்துணிக் கீற்றுகளை அடியிலிருந்து கொக்கியால் மேலே இழுத்துச் சிறு சிறு வளையங்களாக்குவார்கள். முடிச்சே கிடையாது; நெருக்கம்தான் பிடிமானம்.

1892-இல் அங்கு வந்த ஆங்கில மருத்துவர் வில்ஃபிரெட் கிரென்ஃபெலின் மருத்துவப் பணி அமைப்பு, இந்தக் கைவேலையை அவர்களுக்கு வருமானமாக்கியது. பழைய பட்டுக் காலுறைகளை அமெரிக்கப் பெண்களிடம் கேட்டு வாங்கி, சாயமேற்றிக் கீற்றுகளாக வெட்டிக் கொடுத்தார்கள். பனிக்கரடி, நாய் இழுக்கும் சறுக்குவண்டி, வாத்துக் கூட்டம் என்று அந்த ஊர்க் காட்சிகளே விரிப்பில் ஏறின. வானத்தைப் பாருங்கள்: நூல் பிடித்தாற்போல நேர்நேர் வரிசைகள், சில விரிப்புகளில் ஒரு சதுர அங்குலத்துக்கு 200 வளையங்கள் வரை! மிதியடி என்று சொல்ல மனம் வருமா?



இத்தகைய பழைய விரிப்பு கைக்குக் கிடைத்தால் உதறாதீர்கள், மடிக்காதீர்கள். சித்திரம் வெளிப்பக்கம் வரும்படி சுருட்டி வையுங்கள்.