ஓசூரிலிருந்து ஒரு நாள் பயணம்

கர்நாடக எல்லையை ஒட்டிய தொழில் நகரமான ஓசூரைச் சுற்றி, ஞாயிற்றுக்கிழமை ஒன்றிலேயே போய்வரக்கூடிய இடங்கள் பல உண்டு. ஊருக்குள் சந்திரசூடேஸ்வரர் மலைக்கோயில். அருகில் தென்பெண்ணையின் குறுக்கே கெலவரப்பள்ளி அணை. அதே வட்டாரத்தில், 1878-இல் ராஜாஜி பிறந்த தொரப்பள்ளி.

மலையேற விரும்புவோர் ராயக்கோட்டைக்குச் செல்லலாம். மூன்றாம் மைசூர்ப் போரின்போது, 1791-இல், திப்பு சுல்தானிடமிருந்து ஆங்கிலேயர் இக்கோட்டையைக் கைப்பற்றினர். கிருஷ்ணகிரி மாவட்டத்தின் மல்லச்சந்திரம் மலையில் பெருங்கற்காலக் கல்திட்டைகள் நிற்கின்றன: நாற்புறமும் கற்பலகைகள், மேலே மூடுகல்.

தொலைவுப் பயணத்துக்கு ஒகேனக்கல். தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி வழியாகச் செல்லும் சாலை காட்டை ஊடறுத்துப் போகிறது. அருவியருகே மூங்கில் பிளாச்சுகளால் பின்னிய வட்டப் பரிசலை ஒற்றைத் துடுப்பால் சுழற்றிச் செலுத்துகிறார்கள். காவிரியில் வெள்ளம் பெருகினால் பரிசல் சவாரிக்கும் குளிப்பதற்கும் தடை விதிக்கப்படும்; நீர்வரத்தை விசாரித்துக்கொண்டே கிளம்ப வேண்டும். அஞ்செட்டிச் சாலை யானைகள் கடக்கும் வழி என்பதால், இருட்டும் முன்பே காட்டைத் தாண்டிவிடுவது நல்லது.